பொறுப்பு கைமாறுகிறது: நீங்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

அறிவியல் துறையில் இருக்கும் பெண்களுக்குக் கைகொடுக்கும் எங்கள் வலையமைப்பில் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பொறுப்பு கைமாறுகிறது. ஆறு வருடம் ஒருங்கிணைப்பாளராக இருந்த நான் விலகுகிறேன். ஐந்து தன்னார்வலர்கள் புதிதாகப் பொறுப்பேற்கிறார்கள். இதைச் சொல்லி உறுப்பினர்களுக்குக் கடிதம் போன நாளிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. சிலர் வாழ்த்தோடு கேட்டார்கள், சிலர் கவலையோடு, ஒன்றிரண்டு பேர் கோபத்தோடு. தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பதைவிட எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் யார் வருகிறார்கள்?

இரண்டு இணை ஒருங்கிணைப்பாளர்கள், ஒரு பொருளாளர், வழிகாட்டித் திட்டத்துக்கு ஒருவர், வரும் கடிதங்களைப் பார்த்துப் பதில் எழுத ஒருவர். இவர்களில் ஒருவர் வேதியியல் பேராசிரியர். ஒருவர் முனைவர் பட்ட ஆய்வில் நான்காவது வருடத்தில் இருப்பவர். ஒருவர் நீண்ட காலமாக ஆய்வகத் தொழில்நுட்பராக வேலை பார்ப்பவர், ஒருவர் குழந்தை பிறந்தபின் ஐந்து வருடம் இடைவெளி விட்டு மறுபடி ஆய்வுக்குத் திரும்பியவர், இன்னொருவர் தனியார் நிறுவனத்தில் புள்ளியியல் வேலை செய்பவர். பெயர்கள் உங்களுக்கு வந்த கடிதத்தில் இருக்கின்றன.

நீங்கள் ஏன் விலகுகிறீர்கள்? உள்ளுக்குள் ஏதாவது பிரச்சினையா?

சண்டை எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் ஓர் ஆய்வு மாணவி எங்களுக்கு எழுதியிருந்தார். மூன்று வருடம் சோதனைகளைச் செய்தவர் அவர், கட்டுரையின் படங்களை வரைந்தவரும் அவர்தான். ஆனால் கட்டுரை அச்சுக்குப் போகும் நேரத்தில், அதை எழுதியவர்களின் பட்டியலில் அவர் பெயர் முதலிடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு இறங்கிவிட்டது. ஆட்சேபம் சொல்ல அவருக்கு இருந்தது பத்து நாள். நான் அந்தக் கடிதத்தைத் திறந்தது பத்தொன்பதாவது நாள். என்னுடைய ஆய்வு நிதி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. இரவு பதினொன்றரை மணி இருக்கும், மையவிலக்கி சுற்றி முடிக்கட்டும் என்று காத்திருந்த நேரத்தில்தான் இன்பாக்ஸைப் பார்த்தேன். ‘சீக்கிரம் பதில் எழுத முடியுமா மேடம்’ என்று முடித்திருந்தார். இயந்திரம் நின்று, பீப் ஒலி கேட்டு, குழாய்களை எடுக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றுதான் எனக்கு உறைத்தது, இத்தனை பேர் நம்பி எழுதும் ஓர் அமைப்பின் கதவு ஒரே ஒருத்தியின் ஓய்வு நேரத்தைப் பொறுத்துத் திறக்கிறது, மூடுகிறது. நான் எவ்வளவு அக்கறையாக இருந்தாலும் இது மாறாது. அதனால் வேலையையே பிரிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். என் இடத்தில் இன்னொரு ஆளை உட்காரவைத்தால் அவருக்கும் ஒருநாள் அந்தப் பத்தொன்பதாவது நாள் வரும்.

இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள் எதற்கு? யாரிடம் கேட்பது என்ற குழப்பம் வராதா?

முதல் சில வாரம் வரும்தான். யாருக்கு எது என்று எழுதிவைத்திருக்கிறோம்: ஒருவர் வெளியே பேசுவார், அதாவது கல்லூரிகள், ஆய்வு நிறுவனங்கள், நிதி தருபவர்கள். இன்னொருவர் உறுப்பினர்களைப் பார்த்துக்கொள்வார். ஒருவருக்கு உடம்பு சரியில்லை, களப்பணிக்குப் போய்விட்டார், ஆய்வேடு எழுதுகிறார் என்றால் மற்றவர் முழுவதையும் பார்ப்பார். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இருவரின் காலமும் ஒரே நாளில் முடியாது. ஒருவர் போகும்போது இன்னொருவருக்கு ஒரு வருட அனுபவம் இருக்கும். புதிதாக வருபவர் இருட்டறையில் சுவிட்சைத் தேடுவதுபோல் தொடங்க வேண்டியிருக்காது, நான் அப்படித்தான் தொடங்கினேன்.

சம்பளம் இல்லாத வேலையை மறுபடியும் பெண்கள் தலையிலேயே கட்டுகிறீர்களே, இது நியாயமா?

வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான், கோபமாகக் கேட்டவருக்கு நன்றி. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது.

அறிவியல் உலகம் பெண்களின் இலவச உழைப்பில் நெடுநாள் வாழ்ந்திருக்கிறது. ஜெர்மன் கணித அறிஞர் எம்மி நோதர் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் 1908 முதல் 1915 வரை சம்பளமே இல்லாமல் வேலை செய்தார். அப்புறம் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனபோதும் பெண் என்பதால் அவருக்கு விரிவுரை உரிமை கிடைக்கவில்லை, 1919 வரை அங்கிருந்த கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை அவர் எடுத்தார். இயற்பியலின் அடித்தளமாக இன்று நாம் படிக்கும் நோதர் தேற்றம் வெளிவந்தது 1918-ல், அதாவது அவருக்கென்று ஒரு வகுப்புகூட இல்லாத காலத்தில். இயற்பியலாளர் மரியா கோப்பெர்ட் மேயர் கதையும் இதேதான். கணவர் பேராசிரியராக இருந்த பல்கலைக்கழகங்களில், குடும்பத்தில் இருவருக்கு வேலை தரக்கூடாது என்ற விதியைக் காட்டி அவரைச் சம்பளம் இல்லாமல் வைத்திருந்தார்கள். சிகாகோவில் அவருக்குக் கொடுத்த பதவியின் பெயரிலேயே ‘தன்னார்வ’ என்ற சொல் இருந்தது. அணுக்கருவுக்குள் துகள்கள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதை விளக்கும் கூடு மாதிரியை அவர் உருவாக்கியது அந்தக் காலத்தில்தான். முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் ஆனது 1960-ல், நோபல் பரிசு 1963-ல். ‘தன்னார்வலர்’ என்று நாங்கள் எழுதும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

இன்றைக்கும் இது ஓயவில்லை. பொருளியல் அறிஞர் லிண்டா பாப்காக்கும் சக ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. மூன்று பேர் கொண்ட குழு, இரண்டு நிமிடம். அதற்குள் யாராவது ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியவருக்குக் குறைந்த பணம், மற்ற இருவருக்கும் அதிகம், யாருமே அழுத்தாவிட்டால் எல்லோருக்கும் நஷ்டம். ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் பெண்கள் ஏறக்குறைய 48 விழுக்காடு அதிகமாக முன்வந்தார்கள். ஆனால் பெண்கள் மட்டும் இருந்த குழுவையும் ஆண்கள் மட்டும் இருந்த குழுவையும் ஒப்பிட்டபோது அந்த வித்தியாசமே காணாமல் போய்விட்டது! அதாவது பெண்களுக்கு இயல்பிலேயே விட்டுக்கொடுக்கும் குணம் என்று சொல்வதற்கு அங்கே இடமில்லை. பெண் இருந்தால் அவள் செய்துவிடுவாள் என்று எல்லோரும், அவளும் சேர்த்து, எதிர்பார்க்கிறார்கள், அவ்வளவுதான். யாரிடம் உதவி கேட்கிறார்கள் என்று பார்த்தபோதும் பெண்களிடமே அதிகம் கேட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டே பெண்களிடம் போய் ‘பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கிறோம் என்றால், எல்லைகளை முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது என் பிடிவாதம். போட்டிருக்கிறோம். இரண்டு வருடம்தான் பதவிக்காலம், ஒரே ஒரு தடவை நீட்டிக்கலாம். கைக்காசு செலவானால் அந்த மாதமே திருப்பித் தரப்படும். ஒவ்வொருவரும் செய்த வேலையை விவரமாகச் சொல்லும் கடிதம் வருடா வருடம் அவர் துறைத்தலைவருக்குப் போகும். ‘சமூக சேவை செய்தார்’ என்ற ஒற்றை வரியை அனுப்பப் போவதில்லை, எத்தனை பேருக்கு வழிகாட்டி ஏற்பாடு செய்தார், எவ்வளவு நிதியைக் கையாண்டார் என்று எண்ணிக்கையோடு எழுதுவோம், பதவி உயர்வுக் குழு படிக்கிற மொழியில். அப்புறம், எந்தக் காரணமும் சொல்லாமல் மூன்று மாதம் ஒதுங்கியிருக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. சம்பளம் தர எங்களிடம் பணம் இல்லை. கணக்கு வழக்கு, இணையப் பராமரிப்பு போன்ற வேலைகளுக்காவது காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டும் என்று புதியவர்களிடம் சொல்லியிருக்கிறேன், நிதி கேட்கும் முதல் விண்ணப்பம் அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் போகும்?

நான்கு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் அந்த வேலையை இன்னும் ஒருவரோடு பகிர வேண்டும் என்று அர்த்தம்.

ஓர் ஆய்வு மாணவியை ஒருங்கிணைப்பாளர் ஆக்கியிருக்கிறீர்கள். அனுபவம் போதுமா?

எதில் அனுபவம் என்று பார்க்க வேண்டும். விடுதியிலிருந்து ஆய்வகத்துக்கு ராத்திரி ஒரு மணிக்கு நடந்து போவது எப்படி இருக்கும், உதவித்தொகை நான்கு மாதம் தாமதமானால் எப்படிச் சமாளிப்பது, நெறியாளர் கோபமாக இருக்கும் வாரத்தில் அவரிடம் கையெழுத்து வாங்குவது எப்படி, இதெல்லாம் அவருக்கு இன்றைய அனுபவம். எனக்கு அது இருபது வருடத்துக்கு முந்திய ஞாபகம். எங்களுக்கு எழுதுபவர்களில் பெரும்பாலோர் அவர் வயதுக்காரர்கள்.

மாணவி என்பதால் ஒருவரைக் கணக்கில் எடுக்காமல் விட்டதன் விலை அறிவியலுக்குத் தெரியும். சீரான இடைவெளியில் ரேடியோ அலைகளைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும் துடிப்பு விண்மீனின் சமிக்ஞையை 1967-ல் ரேடியோ தொலைநோக்கியின் பதிவுத்தாளில் கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல். 1974-ல் அந்தக் கண்டுபிடிப்புக்கான நோபல் அவருடைய நெறியாளர் ஆண்டனி ஹியூவிஷுக்குப் போனது, கூடவே மார்ட்டின் ரைலுக்கும் ரேடியோ வானியல் பணிக்காகத் தந்தார்கள், பெல் பெயர் இல்லை. 2018-ல் வேறொரு பெரிய பரிசாக 30 லட்சம் டாலர் கிடைத்தபோது அவர் முழுவதையும் இயற்பியலில் குறைவாக இடம்பெறும் பிரிவுகளிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அவரிடம் பிடித்தது அந்தச் செயல்தான்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தைக் கேள்வி கேட்டுக் கடிதம் எழுத வேண்டி வந்தால், பட்டம் இன்னும் கையில் வராத மாணவி அதில் கையெழுத்துப் போடுவது அவருக்கு ஆபத்து. அந்த மாதிரிக் கடிதங்களில் பேராசிரியராக இருக்கும் இணை ஒருங்கிணைப்பாளர் மட்டுமே கையெழுத்திடுவார் என்று முடிவு செய்திருக்கிறோம். மாணவியின் நெறியாளர் சம்பந்தப்பட்ட எந்த விஷயமும் அவர் பார்வைக்கே போகாது.

தேர்தல் ஏன் வைக்கவில்லை?

யோசித்தோம். எங்களைப் போன்ற அமைப்பில் தேர்தல் வைத்தால் அதிகம் பேருக்குத் தெரிந்தவர் ஜெயிப்பார், அதாவது பெரிய நிறுவனத்தில் இருப்பவர், மேடையில் பேசுபவர். ஆய்வகத் தொழில்நுட்பரோ இடைவெளிக்குப்பின் திரும்பியவரோ வந்திருக்க முடியாது. அதனால் திறந்த அழைப்பு விட்டோம், பொறுப்பில் இல்லாத மூன்று உறுப்பினர்கள் விண்ணப்பங்களைப் படித்தார்கள், பட்டியலை எல்லோருக்கும் அனுப்பி ஆட்சேபம் சொல்ல இரண்டு வாரம் கொடுத்தோம். நான் அந்த மூவரில் இல்லை. இது முழுமையான முறை என்று சொல்ல மாட்டேன். அடுத்த தடவைக்குள் உறுப்பினர்கள் வாக்களித்து ஒரு விதி எழுதினால் சந்தோஷப்படுவேன்.

நான் நம்பிக்கையோடு உங்களிடம் சொன்ன விஷயங்கள் புதியவர்கள் கைக்குப் போகுமா?

போகாது. உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு வரிகூடப் போகாது.

இந்தக் கேள்வியை மட்டும் பதினோரு பேர் கேட்டிருக்கிறீர்கள். கேட்டவிதம் ஒவ்வொன்றிலும் எவ்வளவு தயக்கம் என்று பார்த்தபோது மனசு கனத்தது. நடைமுறையைச் சொல்கிறேன். பாலியல் தொல்லை, மிரட்டல், பெயர் நீக்கம் போன்ற புகார்களோடு எழுதியவர்களின் கடிதங்கள் பொது இன்பாக்ஸில் இல்லை, தனிக் கோப்பில், கடவுச்சொல் போட்டு வைத்திருக்கிறேன். உங்களில் ஒவ்வொருவருக்கும் நானே தனியாக எழுதி மூன்று வழிகளைச் சொல்லிக் கேட்பேன்: புதியவரிடம் முழுக் கடிதத்தையும் கொடுக்கலாமா, பெயரை எடுத்துவிட்டுச் சுருக்கம் மட்டும் கொடுக்கலாமா, அழித்துவிடலாமா. பதில் வராவிட்டால் இரண்டு தடவை நினைவுபடுத்துவேன், அப்போதும் வராவிட்டால் அழித்துவிடுவேன். நடந்துகொண்டிருக்கும் விவகாரம் என்றால் அது முடியும்வரை நானே உங்களோடு இருப்பேன். பொறுப்பை விட்டாலும் அதை விடமாட்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: நாங்கள் விசாரணை அமைப்பு அல்ல. உங்கள் நிறுவனத்தின் புகார்க் குழுவுக்கு இருக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. கூட உட்கார்ந்து புகாரை எழுத உதவுவோம், தேதி வாரியாக ஆதாரங்களை அடுக்குவோம், உங்களுக்கு முன்னால் அந்த வழியில் போனவர்களை அறிமுகப்படுத்துவோம்.

கணக்கு, பாஸ்வேர்டு, வங்கி எல்லாம் ஒழுங்காகக் கைமாறுமா?

சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் தன்னார்வ அமைப்புகள் படுத்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நான் பொறுப்பேற்றபோது மின்னஞ்சல் கணக்குக்குள் நுழைய வேண்டிய ஓடிபி, எப்போதோ விலகிப்போன ஒருவரின் பழைய போன் எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த எண்ணே செயலில் இல்லை. உள்ளே நுழைய ஐந்து வாரம் ஆனது, அதற்குள் வந்த கடிதங்கள் அத்தனையும் திறக்காமலே கிடந்தன.

இந்தத் தடவை கடந்த மூன்று மாதமாகப் புதியவர்கள் என் பக்கத்திலேயே இருந்து வேலை செய்கிறார்கள். முதல் மாதம் நான் செய்ய, அவர்கள் பார்த்தார்கள். இரண்டாம் மாதம் அவர்கள் செய்தார்கள், நான் பார்த்தேன். மூன்றாம் மாதம் நான் ஊமை, கேட்டால் மட்டும் பதில். கணக்குகள் எல்லாம் அமைப்பின் பெயரில் எடுத்த எண்ணுக்கு மாறிவிட்டன. வங்கியில் இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது, அதில் என் பெயரை நீக்கும் படிவம் கொடுத்தாயிற்று. ஒரு குறிப்பேடும் எழுதியிருக்கிறேன், முப்பத்திரண்டு பக்கம். எந்தெந்த நிறுவனம் பயணச்செலவைத் தருவதாகச் சொல்லித் தாமதிக்கும் என்பது வரை அதில் உண்டு!

ஆண்கள் பொறுப்பில் சேரலாமா?

சேரலாம். இப்போதைய ஐந்து பேரும் பெண்கள், ஆனால் வழிகாட்டிகளில் ஆண்கள் இருக்கிறார்கள். 1903-ல் இயற்பியல் நோபலுக்கான பரிந்துரையில் பியேர் கியூரி பெயரும் இன்னொரு இயற்பியலாளர் பெக்கெரல் பெயரும்தான் இருந்தன. ஸ்வீடன் கணித அறிஞர் மிட்டாக் லெஃப்லர் விஷயத்தை பியேருக்கு எழுதித் தெரியப்படுத்த, பியேர் தன் மனைவி மேரியின் பங்கையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பதில் எழுதினார். மேரியின் பெயர் சேர்ந்தது அப்படித்தான். கதவுக்கு உள்ளே இருப்பவர் சரியான நேரத்தில் ஒரு கடிதம் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். வருகிற ஆண்களிடம் ஒரு வேண்டுகோள்: மேடையில் பேச வருவதற்கு முன்னால் கூட்டக் குறிப்பு எழுதுவது, அறை ஏற்பாடு செய்வது, நாற்பது பேருக்கு நினைவூட்டல் அனுப்புவது ஆகியவற்றில் தொடங்குங்கள்.

காலம் மாறிவிட்டதே, இப்படி ஒரு அமைப்பு இன்னும் தேவையா?

மாறியிருக்கிறது, இல்லை என்று சொன்னால் முன்னால் போராடியவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனாலும் உலக அளவில் ஆய்வாளர்களில் பெண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று யுனெஸ்கோ சொல்கிறது. 2012-ல் ஓர் ஆய்வில், ஆய்வகப் பொறுப்புக்கு வந்த ஒரே விண்ணப்பத்தை ஆண் பெயரிலும் பெண் பெயரிலும் அறிவியல் பேராசிரியர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண் பெயர் இருந்த விண்ணப்பத்துக்குத் திறமை மதிப்பெண்ணும் அதிகம், தரலாம் என்று சொன்ன சம்பளமும் அதிகம். மதிப்பிட்ட பேராசிரியர்களில் பெண்களும் இருந்தார்கள், அவர்கள் மதிப்பீடும் அப்படியே இருந்தது.

எனக்கு எப்போதும் தெம்பு தருவது நான்சி ஹாப்கின்ஸ். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்தவர். ஆய்வுக்கான மீன் தொட்டிகள் வைக்கக் கொஞ்சம் கூடுதல் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. பெண்களுக்குக் குறைவாகத்தான் தருகிறார்கள் என்று சொன்னால் நம்ப ஆள் இல்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஆய்வகங்களை ஒவ்வொன்றாக அளந்தார். அளவுகள் அவர் சொன்னதையே சொன்னன. ஆனால் அதோடு முடிந்திருந்தால் அது ஒரு தனிமனிதக் குறையாகவே நின்றிருக்கும். தயங்கித் தயங்கி ஒரு சக பேராசிரியையிடம் சொன்னார், அவருக்கும் அதே அனுபவம். இன்னொருவர், இன்னொருவர் என்று பதினாறு பெண்கள் சேர்ந்து நிர்வாகத்திடம் போனார்கள், 1999-ல் பாரபட்சம் நடந்தது உண்மை என்று அந்த நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. முதல் ஆளிடமிருந்து இரண்டாவது ஆளுக்கு அந்தப் பேச்சு போகிறதே, அந்த இடத்துக்காகத்தான் இந்த அமைப்பு இருக்கிறது.

பிப்ரவரி 11 நிகழ்ச்சிகளுக்கு இனி யார் வருவார்கள்?

2015-ல் ஐநா அறிவித்த அறிவியலில் பெண்கள், சிறுமிகள் நாளைச் சொல்கிறீர்கள். யாராவது ஒருவர் வருவார். ஆனால் அந்த ஒரு வாரத்தில் அத்தனை நிறுவனங்களும் கூப்பிட்டு, மீதி வருடம் முழுக்கப் போன் எடுக்காமல் இருப்பதை நிறுத்த வேண்டும் என்று புதியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள், நானும் கைதட்டினேன். கூப்பிடும் நிறுவனம் அதே வருடத்தில் வேறொன்றும் செய்ய வேண்டும்: ஒரு பயண நிதியோ, குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாநாட்டில் ஓர் அறையோ, ஏதோ ஒன்று.

வழிகாட்டித் திட்டத்தில் இப்போது இருப்பவர்களுக்கு ஏதாவது மாறுமா?

மாறாது. உங்கள் வழிகாட்டி அதே ஆள்தான், அழைப்பு வரும் எண் மட்டும் புதியது.

நானும் ஏதாவது செய்ய ஆசை, ஆனால் பொறுப்பு எடுக்கப் பயமாக இருக்கிறது.

பொறுப்பு எடுக்க வேண்டியதில்லை. நிதி விண்ணப்பம் எழுதி ஜெயித்திருக்கிறீர்களா? பழைய விண்ணப்பத்தை ஒருவரோடு பகிருங்கள். தோற்றதையும் பகிருங்கள், அதில் கற்றுக்கொள்ள அதிகம். மாதம் ஒரு மணி நேரம் ஒருவருடைய நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை பாருங்கள். இரண்டு வருடம் கழித்து இன்றைய ஐந்து பேரின் இடம் காலியாகத் தொடங்கும், அப்போது பயம் போயிருந்தால் வாருங்கள்.

இந்த மாதம் எழுதினால் யார் பதில் சொல்வார்கள்?

முகவரி பழையதுதான். மாதக் கடைசி வரை நானும் கடிதப் பொறுப்பாளரும் சேர்ந்து பார்ப்போம், அப்புறம் அவரும் ஓர் இணை ஒருங்கிணைப்பாளரும். மூன்று நாளைக்குள் பதில் வரும். தீர்வு உடனே கையில் இல்லாவிட்டாலும் ‘படித்தோம், இந்தத் தேதிக்குள் மறுபடி எழுதுகிறோம்’ என்றாவது வரும். கெடு தேதி ஏதாவது இருந்தால் தலைப்பிலேயே அந்தத் தேதியைப் போட்டு எழுதுங்கள், அதைத்தான் முதலில் திறப்பார்கள்.